ஊர்மிளா எண்ணிய நாடி

நெற்றியில் நீறு இருக்கும்போது பொய் எழுதலாகாது என்று வளர்க்கப்பட்டவன் நான். இதை எழுதும் இந்தக் காலையிலும் நீறு இருக்கிறது. ஆகவே இதில் வரும் நேரங்களையும் எண்களையும் புனைவு என்று கொள்ள வேண்டாம். நேரங்கள் என் கைக்கடிகாரத்தில் கண்டவை. எண்கள் ஒரு மாணவர் தம் கையால் தாளில் எழுதியவை. சம்பவம் நடந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை மட்டும் மறைக்கிறேன். அங்கே இன்னும் மக்கள் வாழ்கிறார்கள்.

2006, யூலை 22. சனிக்கிழமை.

என் பெயர் துரைராசா. யாழ்ப்பாணத்தவன். மருத்துவ மாணவர்களுக்கு மகப்பேற்று மருத்துவம் கற்பித்துவந்தேன். மாதம் ஒருமுறை இறுதியாண்டு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, வட்டகொடைப் புகையிரத நிலையத்துக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்துவது என் வழக்கம்.

அன்று மூவர் வந்திருந்தனர். ஜெயதீபனும் தேனுஜனும் என் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள். ஊர்மிளா ராகலையில் தோட்டத் தொழிலாளர் வாழும் ஒரு லயத்து வீட்டில் பிறந்தவர். கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒரே மகள். மூவரிலும் படிப்பில் அவரே முதல்வர். எனினும் மகப்பேற்றுப் பரீட்சையில் ஒருமுறை தவறியிருந்தார். பரீட்சகர் எழுதிய காரணம் ஒரே வரி: இரத்தப்போக்கு மிகுந்தபோது நோயாளியை விட்டு விலகிப் போனார். மூன்று வாரத்தில் மறுபரீட்சை. அதிலும் தவறினால் ஓராண்டு வீணாகும்.

அவருக்காகவே அந்த விளையாட்டை ஆயத்தம் செய்தோம்.

யோசனை ஜெயதீபனுடையது. பூட்டிய அறையில் அகப்பட்டவர் தடயங்களைத் தேடித் தேடி, பூட்டைத் திறந்து தப்பிவரும் கணினி விளையாட்டொன்று அப்போது மாணவர் விடுதியில் பரவியிருந்தது. அதையே பாடமாக்கலாம் என்றார் அவர். ஓர் அறை. ஒரு கட்டில். நோயாளிக்குப் பதிலாக, ஊசி ஏற்றிப் பழகுவதற்கென்று செய்த ஒரு ரப்பர்க் கை. அந்தக் கைக்கு உரியவர், பிள்ளை பெற்றபின் இரத்தம் நிற்காமல் மயங்கிக்கொண்டிருக்கும் ஒரு தாய் என்று பாவனை. அவரது நிலையை எழுதிய அட்டைகளை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக நான் வெளியிலிருந்து கொடுப்பேன். மாணவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நாடி பார்ப்பது? எத்தனை இடத்தில் ஊசி ஏற்றுவது? எத்தனை பை இரத்தம் கேட்பது? விடைகள் ஐந்து, இரண்டு, நான்கு. கதவின் உட்புறத்தில் மாட்டிய இலக்கப் பூட்டு அந்த மூன்று எண்களுக்குத் திறக்கும். நாற்பத்தைந்து நிமிடம் அவகாசம்.

ஒரு விதியை நானே சேர்த்தேன். கதவு திறக்கும்வரை ஒருவருடைய விரல்கள் நோயாளியின் நாடியை விட்டு எழக் கூடாது. எழுந்தால் தாய் இறந்தார்; மூவரும் தோற்றார்கள். அந்த இடத்தில் ஊர்மிளாவை அமர்த்தினேன். அவருடைய குறை எதுவோ அதற்கு அதுவே மருந்து என்று எண்ணினேன்.

அறை தேடினோம். தோட்டத்து ஆஸ்பத்திரி வெள்ளைக்காரர் காலத்துக் கற்கட்டடம். அதில் மருந்து கொடுக்கும் அறை மட்டுமே அப்போது இயங்கியது. அதனோடு ஒட்டிய பழைய பிரசவ அறை பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. தடித்த பலகைக் கதவு. இரும்புக் கம்பி போட்ட ஜன்னல். இரண்டு அறைக்கும் நடுச்சுவரில், மருந்துப் போத்தல் நீட்டுவதற்கென்று ஒரு சாண் அகலத் துவாரம். இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று மகிழ்ந்தோம்.

காவலாளி செல்லசாமி மட்டும் சாவியைத் தரத் தயங்கினார்.

"அந்த ரூமு வேணாங்க டாக்டர் ஐயா. ஸ்கூல்ல ஒரு ரூமு கேட்டுத் தாரேன்."

ஏன் என்று கேட்டேன்.

"குளுருங்க."

நுவரெலியாப் பக்கத்தில் குளிராத அறை எங்கே இருக்கிறது என்று தேனுஜன் சிரித்தார். செல்லசாமி சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

மாலை 5.30. மூவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. உட்புறத்தில் பூட்டு விழுந்தது. க்ளிக்.

நான் மருந்தறையில், துவாரத்தின் அருகே ஒரு முக்காலியில் அமர்ந்தேன். அங்கிருந்து கட்டிலின் பாதியும், அதன் மேல் விரித்த கருங்கம்பளியும், ஊர்மிளாவின் முதுகும் தெரிந்தன. வெளியே மூடுபனி தேயிலைச் செடிகளை வரிவரியாக விழுங்கிக்கொண்டு மேலேறியது. காத்திருப்போர்க்கு உரிய பொழுது மாலை என்று பழம்புலவர்கள் வகுத்து வைத்தார்கள். அன்று அதை நினைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தொடக்கத்தில் எல்லாம் வேடிக்கையாகவே இருந்தது. தேனுஜன் ரப்பர்க் கையைக் குனிந்து வணங்கினார்.

"பயப்படாதேங்கோ அம்மா. எங்களுக்கும் இதுதான் முதல் தரம்."

"நீ கதைச்சா அவ இப்பவே போய்ச் சேந்திடுவா. எழுதடா," என்றார் ஜெயதீபன்.

5.35. முதல் அட்டை. நாடி தொண்ணூறு. ஊர்மிளா வாசித்தார். தேனுஜன் எழுதினார்.

5.40. இரண்டாம் அட்டை. நூறு.

5.45. மூன்றாம் அட்டையை நீட்டினேன். அதில் நூற்றுப்பத்து என்று என் கையால் எழுதியிருந்தேன்.

"நூத்தி முப்பத்திரண்டு," என்றார் ஊர்மிளா.

அட்டையைச் சரியாக வாசிக்கும்படி சொன்னேன்.

"அட்டையில நூத்திப்பத்துதான் சேர். கையில நூத்தி முப்பத்திரண்டு."

எனக்குச் சினம் வந்தது. பழகாதவர்கள் பெருவிரலை வைத்து நாடி பார்ப்பார்கள். தம் விரலில் ஓடும் நாடியையே நோயாளியின் நாடி என்று எண்ணுவார்கள். முதலாண்டிலேயே திருத்த வேண்டிய பிழை. பெருவிரலை எடுக்கச் சொன்னேன். வைக்கவே இல்லை என்றார். பொய் சொல்கிற பிள்ளை அல்ல அவர். ஆகவே ஜெயதீபனிடம், ஊர்மிளாவின் கழுத்தில் விரல் வைத்து அவருடைய நாடியைத் தனியே எண்ணச் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் எண்ணட்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

5.50. ஊர்மிளாவின் நாடி எண்பத்தெட்டு.

ரப்பர்க் கையின் நாடி நூற்று முப்பத்தாறு.

தேனுஜன் எழுதினார். தாளில் பேனை உரசும் ஓசை எனக்குக் கேட்டது.

பிறகு ஜெயதீபன் தம் விரலை அந்த மணிக்கட்டில் வைத்தார். மூன்று விநாடி. சுட்டுக்கொண்டவர்போல் இழுத்துக்கொண்டார்.

"சேர்... சூடாயிருக்கு."

விளையாட்டை நிறுத்தினேன். விடை தேட வேண்டாம், பூட்டின் எண் ஐந்து இரண்டு நான்கு, திறந்துகொண்டு வெளியே வாருங்கள் என்றேன். ஜெயதீபன் கதவுக்கு ஓடினார். பூட்டின் சில்லுகள் சுழலும் ஓசை. டிக். டிக். டிக். இழுக்கும் ஓசை. மீண்டும் சில்லுகள். மீண்டும் இழுப்பு.

"திறக்குதில்லை சேர்."

எண்ணை மறுபடி சொன்னேன். மறுபடி போட்டார். நானே வாங்கி, நானே எண் அமைத்து, காலையில் பத்துத் தரம் திறந்து பார்த்த பூட்டு அது. திறக்கவில்லை.

வெளிப்பக்கம் போய்க் கதவைத் தோளால் மோதினேன். அசையவில்லை. உள்ளே இருப்பவர்களைச் சோதிப்பதற்காகப் பூட்டை உட்புறத்தில் மாட்டியவன், வெளியிலிருந்து திறக்க ஒரு வழி வைக்க நினைக்கவில்லை. அத்தனை பெரிய பிழையை அன்றுதான் கண்டேன். கதவை நெம்ப அலவாங்கு வேண்டும். அது கீழே தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறது என்றார் செல்லசாமி. அரை மைல். 5.58க்கு ஓடினார். பனி அவரைப் பத்தடியில் மறைத்தது.

துவாரத்துக்குத் திரும்பினேன்.

6.00. நூற்று முப்பத்தெட்டு.

துவாரத்தின் வழியாக ஒரு மணம் வந்தது. மகப்பேற்று மருத்துவன் மறக்க முடியாத மணம். பழைய இரும்பைப் போன்றது. அதனோடு நனைந்த கம்பளியின் மணமும் இருந்தது. அறையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை என்று தேனுஜன் சொன்னார். அவர் குரல் மாறியிருந்தது.

6.05. நூற்று நாற்பது.

அந்தக் கம்பளியைப் பார்த்தேன். ரப்பர்க் கை முழங்கையோடு முடிகிறது. அதற்கப்பால் கட்டிலில் ஒன்றும் இல்லை. நானே விரித்த கம்பளி; தட்டையாகவே விரித்திருந்தேன்.

இப்போது அது மெல்ல ஏறியது...

மெல்ல இறங்கியது...

என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வகுப்பில் சொல்வதையே சொன்னேன். கால்களை உயர்த்துங்கள். அடிவயிற்றை அழுத்தித் தேயுங்கள். எங்கே அழுத்துவது, கட்டில் வெறுமையாக இருக்கிறதே என்று தேனுஜன் அழுதார். பிறகு வெறும் கம்பளியின் மேல் கைகளை வைத்துத் தேய்த்தார். ஜெயதீபன் இன்னும் பூட்டோடு போராடிக்கொண்டிருந்தார்.

ஊர்மிளா மட்டும் அழவில்லை. திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"நாலு பை ரத்தம்னு எழுதிட்டோம் சேர். யாரு கொண்டு வருவாங்க?"

நெற்றி நீற்றைத் தொட்டுக் கண்களை மூடினேன்.

ஐந்து வயதில் தந்தையார் மடியில் அமர்ந்து கற்ற பதிகம் ஒன்று உண்டு. காய்ச்சலிலும் கடலிலும் குண்டு விழுந்த இரவுகளிலும் ஓதியது. அதைத் தொடங்கினேன். முதலடி வந்தது. இரண்டாம் அடி வரவில்லை. மறுபடி தொடங்கினேன். வரவில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் அன்று ஒருநாள்தான் அப்படி ஆனது.

6.10. நூற்று நாற்பத்திரண்டு.

"சேர்."

"சொல்லும் பிள்ளை."

"அவங்க என் கையப் புடிச்சிருக்காங்க."

அந்த ரப்பர் விரல்கள் அச்சில் வார்த்தவை. மடங்காதவை. துவாரத்தில் நெற்றியை அழுத்திப் பார்த்தேன். ஊர்மிளாவின் தோள் மறைத்தது. அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது. அது சற்று முன்னே இழுபட்டிருந்தது.

6.15. என் கடிகாரத்தின் மணி அடித்தது. நாற்பத்தைந்து நிமிடம் முடிந்தது.

செல்லசாமி வரவில்லை.

6.20. "நூத்தி நாப்பத்தாறு," என்றார் ஊர்மிளா. தேனுஜன் எழுதினார். அதுவே அந்தத் தாளின் கடைசி வரி.

"கையை எடும்," என்றேன்.

"இருக்குங்க சேர். இன்னும் அடிக்குது."

"கையை எடும் ஊர்மிளா."

"விட்டா தனியா இருப்பாங்க."

எனக்குத் தெரிந்த கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அதை எண்ணினால் இன்றும் வெட்கம்.

"நான் உம்முடைய பரீட்சகர். பரீட்சை முடிந்தது. எழும்பி வாரும்."

அவர் தலை குனிந்தது. ஒரு விரல் எழுந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று.

க்ளிக்.

ஜெயதீபனின் கையில் பூட்டு கழன்று விழுந்தது.

மூவரும் வெளியே வந்தார்கள். ஊர்மிளா கடைசியாக வந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தார். ரப்பர்க் கையை எடுத்துவர ஒருவரும் திரும்பவில்லை. செல்லசாமி அலவாங்கோடு மூச்சிரைக்க வந்தார். கதவை இழுத்துச் சாத்தி, வெளியே தம் பூட்டைப் போட்டார். 6.25.

நாங்கள் வந்த வான் வண்டியில் ஏறினோம். சாவியைத் திருகப் போனபோது கேட்டது.

ஒரு பெண் குரல். மெலிந்தது. நிதானமானது. ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து வந்தது.

"...நாப்பத்தொண்ணு... நாப்பத்திரண்டு... நாப்பத்திமூணு..."

நால்வருக்கும் கேட்டது.

"சேர், வானை எடுங்கோ," என்றார் ஜெயதீபன்.

எடுத்தேன்.

தலவாக்கலை வரும்வரை ஊர்மிளா பின்னிருக்கையில் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுபரீட்சையில் அவர் தேறினார். நோயாளியை விட்டு ஒரு கணமும் விலகவில்லை என்று பரீட்சகர் எழுதியிருந்தார்.

ஒக்டோபர் மாதம் ஊர்மிளா என் அறைக்கு வந்தார். அந்தத் தோட்டத்தில் முன்பு வேலை பார்த்த மருத்துவச்சி ராகலையில் இருப்பதாகவும், தாம் மட்டும் போய்க் கேட்க அஞ்சுவதாகவும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் நுவரெலியாவிலிருந்து பேருந்து பிடித்தோம். தேனுஜன் எழுதிய தாளை நான் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

மருத்துவச்சியின் பெயர் சண்முகவடிவு. அறுபது வயதைத் தாண்டியவர். எங்கள் கதையை முழுவதும் கேட்டார். வியக்கவில்லை. உள்ளே போய், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். 1994 ஆடியில் நடந்த பிரசவம் ஒன்றின் நாடிக் கணக்கு. பின்னால் விசாரணை நடக்கும், அப்போது காட்ட வேண்டும் என்று வைத்திருந்தாராம். யாரும் விசாரிக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் வீரம்மா. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து மருத்துவர் அன்று ஊரில் இல்லை. மழையில் தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தது. இருந்த மருந்தைக் கொடுத்துவிட்டு, லொறி கேட்பதற்குச் சண்முகவடிவு தாமே தொழிற்சாலைக்கு ஓட வேண்டியிருந்தது. வாசலில் உறவினர் கூடி நின்றார்கள். பெற்றவள் தாகம் என்கிறாளே என்று சுடுநீரும் கோப்பித் தண்ணீருமாகக் கையில் வைத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது. சொன்னால் கேட்கமாட்டார்கள். ஆகவே அவர் கதவைப் பூட்டினார். அந்தப் பெண்ணின் வலக்கை விரல்களை எடுத்து, அவளுடைய இடது மணிக்கட்டிலேயே வைத்தார்.

"தூங்கிடாத புள்ள, அடிக்கிறத எண்ணிக்கிட்டே இரு, இந்தா வந்துருறேன்னு சொல்லிட்டுப் போனேன் டாக்டர் ஐயா."

லொறி கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

அவருடைய தாளைப் பார்த்தேன். மாலை 5.40, நூற்று இருபத்தெட்டு. சட்டைப்பையிலிருந்த எங்கள் தாளை எடுத்தேன். 5.45, நூற்று முப்பத்திரண்டு. ஒன்று நின்ற இடத்தில் மற்றது தொடங்கியது.

ஒரு நம்பிக்கையோடுதான் நான் போயிருந்தேன். ஊர்மிளா விரலை எடுத்த அந்தக் கணத்திலேயே அந்த உயிர் பிரிந்திருக்க வேண்டும். அதனால்தான் பூட்டுத் திறந்திருக்க வேண்டும். ஆறு இருபதுக்குத்தானே இறந்தார் என்று கேட்டேன்.

சண்முகவடிவு இல்லையென்று தலையசைத்தார். தாளின் அடுத்த வரியை விரலால் காட்டினார்.

6.50. நூற்று நாற்பத்தெட்டு. மிக மெலிவு.

அதன் கீழே, 7.35, லொறியில், மரணம்.

இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்தால் அந்த மாலை முழுவதும் இருந்தது. ஆறு இருபதிலிருந்து ஆறு ஐம்பது வரை மட்டும் ஒன்றும் இல்லை.

ஊர்மிளா நிமிரவில்லை. மிகத் தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார். லொறியோடு வந்து கதவைத் திறந்தபோது வீரம்மாவுக்கு நினைவு இருந்ததா?

"இருந்துச்சும்மா. கண்ணு முழிச்சுத்தான் இருந்துச்சு. மயக்கத்துல பெனாத்துதுன்னு நெனச்சு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல." சண்முகவடிவு ஊர்மிளாவின் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவ்வளவு நேரம் என் கையப் புடிச்சிக்கிட்டு ஒரு பொண்ணு இருந்துச்சே, அது ஏன் எந்திரிச்சுப் போச்சுன்னு கேட்டுச்சு."

1994இல் ஊர்மிளாவுக்குப் பத்து வயது.

எழும்பி வரச் சொன்னவன் நான்.